மூச்சுக்கு வழிவிட்ட கத்தி

1799 டிசம்பர் 14. வர்ஜீனியாவின் மவுன்ட் வெர்னன் வீட்டில் ஜார்ஜ் வாஷிங்டன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். தொண்டை உள்ளே வீங்கி அடைத்திருந்தது. கரும்புப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் திணறினார். ரத்தம் எடுத்தார்கள், அதுவும் நான்கு முறை. உடனிருந்த மூன்று மருத்துவர்களில் எலிஷா டிக்தான் இளையவர். ரத்தம் எடுத்தது போதும், மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவோம் என்றார். மூத்தவர்கள் இசையவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அறையில் வழி தெரிந்த ஒருவர் இருந்தும் அவர் சொல் எடுபடவில்லையே என்பது மனதை உறுத்துகிறது.

மூச்சுக்குழாயைத் திறப்பது அப்போதே பழைய சிகிச்சைதான். இத்தாலியில் மருத்துவர் பிராசவோலா 1546இலேயே இப்படி ஒருவரைக் காப்பாற்றியிருந்தார். பின்னர் பிரான்சின் டூர் நகரில் மருத்துவர் பிரெட்டோனோ, முந்தைய முயற்சிகள் தோற்றும் விடாமல், 1825இல் தொண்டை அடைப்பான் கண்ட ஒரு சிறுமியைப் பிழைக்கவைத்தார்.

எங்கே திறப்பது? கழுத்தில் துருத்தும் குருத்தெலும்புக்குக் கீழே விரலை இறக்கினால் சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கே தோலை அடுத்து மெல்லிய சவ்வு, அதற்கப்பால் மூச்சுப்பாதை. அவசரத்தில் இதைவிட எளிதாக எட்டக்கூடிய இடம் இல்லை. ஆனால் இவ்வளவு மேலே கீறினால் பின்னாளில் மூச்சுப்பாதை சுருங்கிவிடும் என்று 1921இல் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் எச்சரித்தார். அவர் கண்ட பாதிப்புகள் மெய்யானவை, சொன்னதும் அக்கறையில்தான். பெரியவர் வாக்கு என்பதால் அரை நூற்றாண்டு பலரும் அந்த இடத்தைத் தொடத் தயங்கினார்கள். 1976இல் மருத்துவர்கள் பிராண்டிகனும் குரோவும் அந்த இடத்தில் கீறப்பட்ட 655 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்ட பிறகே அந்தத் தயக்கம் தளர்ந்தது.

பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் மூச்சுப்பாதை சிகிச்சையில் தங்கள் தோல்விகளையே தொகுத்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். கீறும் முடிவு தாமதமானதும் அதில் பதிவாகியிருக்கிறது. அவர்களின் 2015 வழிகாட்டுதல் எளிமையானது: அகன்ற அறுவைக் கத்தி, வழிகாட்டும் நீண்ட வளையும் குச்சி, 6 மி.மீ. குழாய். குழாயும் இறங்கவில்லை, ஆக்சிஜனும் ஏறவில்லை என்பதை முதலில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. கத்தியைவிட இந்த அறிவிப்புதான் முக்கியம் என்பேன். அறையிலேயே வயதில் இளைய மருத்துவரோ செவிலியரோ அதைச் சொன்னாலும் மூத்தவர் கை உடனே கத்திக்கு நீள வேண்டும்; அந்தப் பழக்கத்தை ஒவ்வொரு அவசரப் பிரிவும் ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும்.