உடம்பு வலியா? வெயிட்டைக் குறைங்கம்மா!

திட்டக்குடி சுற்றுவட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு". வயல் வேலை, வீட்டு வேலை, வயசு என்று காரணத்தையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். டாக்டரிடம் போனால் ஒரு ஊசி, நாலு வலி மாத்திரை, கூடவே "வெயிட்டைக் குறைங்கம்மா". ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நார்மல் என்று வந்துவிட்டால் போச்சு... "எல்லாம் மனசுதான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வைத்தியநாதசுவாமி கோயில் கொண்ட ஊரில் இந்த வலிக்கு மட்டும் இப்படி ஒரு வைத்தியம்!

இவர்களில் சிலருக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. மூட்டு வீங்காது, எக்ஸ்ரேயில் தெரியாது. மூளையும் நரம்புகளும் வலியின் வால்யூமைக் கூட்டி வைத்துவிட்ட மாதிரி ஒரு நிலை. 1990ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடமாவது வலிக்க வேண்டும். 2010ல் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கெல்லாம் வலி, களைப்பு எவ்வளவு, தூங்கி எழுந்தால் தெளிச்சியாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

1975ல் கனடாவில் ஹார்வி மால்டாஃப்ஸ்கி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஆட்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலி வந்துவிட்டது. ஒழுங்காகத் தூங்கவிட்டதும் சரியானது. (இதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிப்பவர்கள் பயப்பட வேண்டாம்!)

எடைக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது. அமெரிக்காவின் யூட்டாவில் இந்த நோயுள்ள 215 பேரைப் பார்த்ததில் 47 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். இன்னும் 30 சதவீதம் பேருக்கு எடை அதிகம். நார்வேயில் நோயில்லாத பெண்களைப் பத்துப் பதினொரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பி.எம்.ஐ. 25க்கு மேல் இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 60 முதல் 70 சதவீதம் கூடுதல். அதே வட்டாரத்தில் தூக்கத்தைக் கணக்கெடுத்தபோது, அடிக்கடி தூக்கம் கெட்ட 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு! இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எதை முதலில் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. வலித்தால் நடக்கத் தோன்றாது, எடை ஏறும். எடை ஏறினால் குறட்டை, மூச்சடைப்பு, மறுபடி தூக்கம் போச்சு. இப்படி ஒரு வருடம் ஓடினால் யாருக்குத்தான் மனசு சோர்ந்து போகாது? ராத்திரி தூங்காதவளிடம் காலையில் வாக்கிங் போகச் சொல்வது அறிவுரையா, கிண்டலா தெரியவில்லை.

மருந்திலும் ஒரு சிக்கல். இதற்கு 2007ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ப்ரிகாபலின் சிலருக்கு எடையைக் கூட்டும். தூக்கத்துக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். 2008ல் அனுமதி பெற்ற டுலோக்ஸெடின் மனச்சோர்வுக்கான மாத்திரை, வலிக்கும் வேலை செய்யும். இதை யாரும் விளக்கிச் சொல்லாவிட்டால், "எனக்கென்ன பைத்தியமா" என்று அட்டையோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4 சதவீதம். ஆகவே "வெயிட்டைக் குறைங்கம்மா" இன்னும் நிறையப் பேர் காதில் விழப்போகிறது.

இதற்கென்று தனி ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: மூன்று மாசத்துக்கு மேல் உடம்பு முழுக்க வலிக்கிறதா? தூங்கி எழுந்தும் அசதியாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஒரு சீட்டு எழுதி, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பலாம். பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகும்தான். மாசாமாசம் போடும் ஊசிக்கும் அதே செலவுதான் ஆகிறது.