சந்திரகிரி வாயில் மதிலுக்கு வெளியே அமையட்டும்
நினைவுச் சின்னங்களைச் சுற்றியுள்ள 100 மீட்டர் கட்டுமானத் தடையைச் சீரமைக்க நாடாளுமன்ற நிலைக்குழு 2023இல் பரிந்துரைத்த பிறகு, ஆந்திராவின் சந்திரகிரிக் கோட்டைக்குப் பார்வையாளர் வாயில் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வாயில் தேவைதான். புத்தூரிலிருந்து பிள்ளைகளோடு பேருந்தேறி வரும் குடும்பத்துக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் தருவது அரசின் கடமை. ஆனால் அதற்காக மதிலில் ஒரு கல்லும் பெயரக் கூடாது. மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பிய கோட்டை அரண்மனையான ராஜமகால் மூன்று தளங்களோடு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னால் கண்ணாடியும் கான்கிரீட்டும் எழுவதை ஏற்க முடியாது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பை மறைக்காமல், 2008இல் திறந்த பார்வையாளர் மையத்தை நிலத்தடியில் கட்டினார்கள். விஜயநகர அரசர்கள் ஆண்ட இந்த மண்ணில் அப்படித் தோண்டவும் கூடாது. 100 மீட்டருக்கு அப்பால் வாயில், அங்கிருந்து நடைபாதை, தெலுங்கோடு தமிழிலும் விளக்கப் பலகைகள்: தடையைத் தளர்த்தாமலே இத்தனையும் முடியும். இந்தியத் தொல்லியல் துறையும் ஆந்திர அரசும் வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்த பிறகே கடப்பாறையைத் தொட வேண்டும்.