தவறு நாற்காலியில், தண்டனை திடலில்!

2022 ஆகஸ்டு 16. கேரளாவின் கோகுலம் மகளிர் காற்பந்துக் குழு தாஷ்கண்ட் நகரில் போய் இறங்கியது. இந்திய மகளிர் லீக்கை வென்று, ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஆடப் பெற்ற வாய்ப்பு அது. இறங்கிய கையோடு வந்தது இடி. இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது!

23ஆம் தேதி முதல் ஆட்டம். பிரதமர் தலையிட வேண்டும் என்று அக்குழு வேண்டுகோள் விடுத்தது. பலனில்லை. 26ஆம் தேதி தடை நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அந்தப் பெண்கள் வீடு திரும்பினார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன?

சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் நாற்காலி காலியாகவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு ஒன்றை நியமித்தது. அதை வெளியார் தலையீடு என்றது ஃபிஃபா. இடைநீக்கம் செய்யப்பட்ட சங்கத்தோடு யாரும் ஆடக்கூடாது என்பது அதன் விதி.

விதி இருக்கட்டும். குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்றால் அது நீதியா? 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்குத் தடை வந்தபோது, அந்நாட்டு வீரர்கள் பலர் ஒலிம்பிக் கொடியின் கீழ் பங்கேற்க அனுமதிக்கப்பட்டார்கள். அந்தக் கருணை இந்தப் பெண்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இது நமக்கெதற்கு என்று கேட்கிறீர்களா? அந்தப் போட்டியை நடத்திய ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, நமது புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது. நம் முன்னோர் பால்மரம் சீவிய தோட்ட மண் அது. 1998 காமன்வெல்த் போட்டிக்கு அங்கே தேசிய அரங்கம் எழுந்தது. கடைசிவரை அங்கே தங்கியிருந்த தோட்டக் குடும்பங்களோ வீடு கட்ட வெறும் 4 ஏக்கர் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. உலகமே விளையாட இடம் உண்டு, உழைத்தவன் குடியிருக்க இடமில்லை!

தோட்டம் போனபோது லயத்து வீடு மட்டுமா போனது? திடலும் போனது. இன்று அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கார் நிறுத்துமிடமே திடல். அதிலும் பையன்கள் ஆடுவார்கள். பெண் பிள்ளை மாடியில் நின்று பார்ப்பாள். இதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "பொம்பள பிள்ளைக்குப் பந்து எதுக்கு?" என்று கேட்பது நம் வீடுதானே?

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று, நட்புமுறை ஆட்டமோ அதிகாரப்பூர்வப் போட்டியோ, சங்கத்தின் தவறுக்காக, புறப்பட்டு வந்துவிட்ட குழுவைத் தண்டிக்காதீர்கள். பொதுக்கொடியின் கீழாவது ஆட விடுங்கள்.

இரண்டு, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை உள்ள பொதுத்திடல்களில் வாரம் ஒரு மாலையைப் பெண்களுக்கென ஒதுக்கும்படி, குடியிருப்பாளர் சங்கங்கள் மாநகர் மன்றங்களுக்கு எழுத்துப்பூர்வமாக மனுச் செய்யட்டும். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

மூன்று, ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் நடத்தும் கிண்ணப் போட்டிகளில் மகளிர் பிரிவு ஒன்றையும் சேருங்கள்.

பெற்றோரே, மகள் பந்தைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். அவள் ஆடுவதற்கான திடலைக் கேட்டுப் பெறுவது நம் எல்லோருடைய பொறுப்பு.