அந்தமானில் அழகுக்கலைத் தொழில்

அந்தமானில் அழகு நிலையங்களிலும் 'ஸ்பா' எனும் மசாஜ் நிலையங்களிலும் வேலை கிடைக்குமா என நம் சகோதரிகள் சிலர் வினவுகின்றனர். கிடைக்கும், ஆயின் எந்தத் தீவில், எந்த மாதத்தில் என்பதையும் கருதவேண்டும்.

ஸ்பாக்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளின் விடுதிகளைச் சார்ந்தவை. 2018இல் சுவராஜ் துவீப் எனப் பெயர் மாறிய ஹேவ்லாக் தீவில் இத்தகைய விடுதிகள் பல உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது, பயணிகளும் குறைவர். அம்மாதங்களில் முழுச் சம்பளமா, பாதியா, அன்றி ஊருக்கே அனுப்பிவிடுவரா என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் பெறுக. உணவுக்கும் தங்குமிடத்திற்கும் எவ்வளவு பிடிப்பர் எனக் கேட்பது அநாகரிகமன்று. சான்றிதழின் நகலைக் கொடுத்தாற் போதும். மூலத்தை எவரிடமும் விட்டுவைக்கலாகாது.

தலைநகராகிய போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிலைமை வேறு. அங்குள்ள அழகு நிலையங்களுக்கு உள்ளூர்க் குடும்பத்தினரும் வருவர். தமிழர், வங்காளியர், தெலுங்கர் யாவரும் அங்கு வாழ்கின்றனர். மணப்பெண் அலங்காரம் கற்றவர்க்கு விடுதியின் பகட்டைவிட இதுவே நிலையானது என்பது நம் கருத்து. பொதுமொழி இந்தி, மும்பையிலும் தில்லியிலும் வளர்ந்த நம் பெண்களுக்கு அது கைம்முதல்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய பெண்களின் முறையீட்டை விசாரிக்கக் குழு அமைத்தல் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அக்குழுவினர் யாவர் என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே கேட்டறிக.