அலாய் வீல் மாத்தப் போறீங்களா? முதல்ல டயர்ல இருக்குற எண்ணைப் பாருங்க!

இளையரசனேந்தலில் இருந்து கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ அலாய் வீல் மாட்டக் கிளம்புபவர்கள், பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

உதாரணமாக, மாருதி ஸ்விஃப்ட்டில் வரும் 185/65 ஆர்15. இதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். அந்த அகலத்தில் 65 சதவீதம், டயரின் பக்கச் சுவர் உயரம். ரிம் 15 அங்குலம். எல்லாம் சேர்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 622 மி.மீ.

16 அங்குலம்தான் வேணும்னா, 195/55 ஆர்16 போட்டால் 621 மி.மீ. வரும். பிரச்னை இல்லை. பார்க்க கெத்தா இருக்கணும்னு 205/60 ஆர்16 போட்டால் 652 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது கார் கிட்டத்தட்ட 105-ல் ஓடும். திருப்பத்தில் டயர் உரசவும் வாய்ப்புண்டு.

போல்ட் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடணும், இல்லேன்னா ஸ்டீயரிங் அதிரலாம். பலரும் கவனிக்காதது, அளவுக்குப் பிறகு வரும் எடைக் குறியீடு: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475 கிலோதான். குடும்பத்தோடு, லக்கேஜோடு போகும் காரில் இது விளையாட்டு இல்லை.

சட்டமும் இருக்கு. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாடலின் உயர் வேரியன்ட்டுக்கு நிறுவனமே தரும் அளவைத் தேர்வு செய்தால் சிக்கல் குறைவு.