ஈரம் போகட்டும், பிறகு மரம் இடுவோம்



நம் ஆலயத்தின் பீட மேடைக்கு மரத்தளம் இடும் வேலையைக் கிறிஸ்துமசுக்குள் முடிக்க வேண்டுமென்று உங்களில் பலர் வாஞ்சிக்கிறீர்கள். பண்டிகைக்கு முன் அதைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. கமிட்டியில் சொன்னதன் காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

மேடையின் கான்கிரீட் செப்டம்பரில் போடப்பட்டது. 28 நாளில் பலம் பெற்றுவிட்டதே, இனி என்ன தடை என்று கேட்கிறீர்கள். பலம் பெறுவது வேறு, உலர்வது வேறு. ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தளம் இடுவோரின் தோராயக் கணக்கு. நம்முடையது 4 அங்குலம். அதுவும் வடகிழக்குப் பருவமழையின் நடுவே. தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே நீர் நிற்கும். அதை மரத்தால் மூடினால், மேலேறும் ஈரம் பலகையின் அடிப்பக்கத்தை ஊறவைக்கும். அடி விரிய, ஓரங்கள் உயர்ந்து நடுப்பகுதி குழியும்.

முன்பு ஊழியம் செய்த ஒரு சபையில் இதைக் கண்ணாரக் கண்டேன். ஈஸ்டருக்குள் முடிக்கும்படி அவசரப்படுத்தியவன் நானே. மரம் விரிய சுவரோரம் இடைவெளிகூட விடவில்லை. அடுத்த மழையில் நடுப்பலகைகள் கூடாரம்போல் எழும்பின. திருவிருந்துக்கு ஏறிவந்த மூதாட்டி ஒருவர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தார். காணிக்கையால் வாங்கிய மரத்தை நாங்களே பெயர்த்தெடுத்தோம். கன்மலையின்மேல் கட்டினவனைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். கான்கிரீட் நீர் குடிக்கும் கல் என்பதை அன்று தச்சர் ஒருவரே எனக்குக் கற்பித்தார்.

சென்ற வாரம் 18 அங்குலச் சதுரப் பாலித்தீன் தாளை மேடையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்த்தோம். தாளின் அடியில் நீர்த்துளிகள், கான்கிரீட்டும் கறுத்திருந்தது. தாள் உலர்ந்திருந்தாலும் அது போதிய சாட்சியாகாது. துளையிட்டுக் கருவியை உள்ளே வைத்தே ஈரப்பதத்தை அளக்கவேண்டும். அந்தச் செலவுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன்.

மார்ச்சில் அளவு சரியாயிருந்தால், பலகைகளைச் சில நாள் ஆலயத்துக்குள்ளேயே வைத்து அவ்விடத்துக் காற்றுக்குப் பழக்குவோம். பின்பு ஈரத்தடுப்புத் தாள் விரித்து, சுவரோரம் 12 மி.மீ. இடைவெளி விட்டு இடுவோம். இந்தக் கிறிஸ்துமசுக்குப் பாடகர் குழுவினர் ஜமக்காளம் விரித்து நிற்கட்டும். ஆராதனை முடிந்ததும் அதைத் தயவாய்ச் சுருட்டிவிடுங்கள், மேடை உலரவேண்டும்.