90 கிலோமீட்டரில் பூட்டிய லோரிக்கு மழை தெரியுமா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மச்சாப்பில் இருந்து சிம்பாங் ரெங்கம், செடெனாக் வழியாகக் கூலாய்க்கு ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள். மழை பிடித்துக்கொண்டால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடச் சில நேரம் தெரியாது. கார்கள் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் வலது பக்கம் ஒரு டிரெய்லர் லோரி, பதினெட்டுச் சக்கரமும் தண்ணீரை வாரி இறைக்க, உங்களை முந்திக்கொண்டு போகும். சில விநாடிகளுக்குக் கண்ணாடியில் வெள்ளைத் திரை. இந்த வட்டாரத்தில் கார் ஓட்டும் எல்லாருக்கும் இது பழகிப்போன பயம்.

உடனே நம் வாயில் வருவது, "இந்த லோரிக்காரனுக்கு உயிர்மேல ஆசையே இல்லையா?" என்பதுதான். ஆனால் அந்த லோரிக்காரர் யார்? குளுவாங், லாயாங்-லாயாங், ரெங்கம் தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் எத்தனை பேர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். செம்பனை எண்ணெய், அன்னாசி, செங்கல், பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கும் போகும் கொள்கலன் என எதை ஏற்றினாலும் ஓட்டுநர் இருக்கையில் நம்மவர் ஒருவரைப் பார்க்கலாம். ஆகவே இது சாலையில் மற்றவர்களின் பாதுகாப்போடு, நம் வீட்டு ஆள் பத்திரமாகத் திரும்புவதையும் பற்றிய விஷயம்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் சரளைக்கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் 9 பேர் உயிரிழந்தார்கள். அந்த லோரியில் அளவுக்கு மீறிய சுமை இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9-ஆம் தேதி அதிகாலை கெரிக்கில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். அதற்கு முன் 2024 டிசம்பர் 23-ஆம் தேதி, ஆயர் குரோ அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு லோரியில் இருந்து கழன்று விழுந்த சக்கரத்தில் தொடங்கிய விபத்தில் 7 பேர் பலி. இத்தனைக்கும் பிறகுதான் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், கனரக வாகனங்களுக்கும் பஸ்களுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கினார். 2025 அக்டோபர் 1 முதல் அது கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம்.

நல்ல நடவடிக்கை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவிக்கு 90 என்ற எண் மட்டும்தான் தெரியும், மழை தெரியாது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்றால், அதற்குள்ளேயே 37 மீட்டர் போய்விடும். நல்ல டயர், நல்ல பிரேக் உள்ள கனரக வாகனம் காய்ந்த சாலையில் மொத்தம் ஏறக்குறைய 100 மீட்டரில் நிற்கலாம். சாலை நனைந்து பிடிமானம் குறைந்தால் அதே வண்டி நிற்க 140 மீட்டர் வேண்டும். அதே ஈரச் சாலையில் வேகத்தை 70-க்குக் குறைத்தால், 90 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். அதாவது மழையில் 70 ஓட்டினால்தான் வெயிலில் 90 ஓட்டியதற்குச் சமம். தேய்ந்த டயர், சரியாகச் சரிபார்க்காத பிரேக், கூடுதல் சுமை என்று சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும். டயர்ப் பள்ளத்துக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தேங்கி நிற்கும் தண்ணீரில் அந்த 1.6 மிகவும் சொற்பம் என்பது அனுபவமுள்ள எந்த ஓட்டுநருக்கும் தெரியும்.

இழுத்துச் செல்லும் வண்டிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முன்னால் இருக்கும் தலைப்பகுதியும் பின்னால் வரும் டிரெய்லரும் ஒரே முளையில் மாட்டியிருக்கும் இரண்டு வண்டிகள். ஈரத்தில் திடீரென்று பிரேக் போட்டால், தலைப்பகுதியின் பின்சக்கரங்கள் பிடி இழந்து நழுவும். டிரெய்லரோ தன் பாட்டுக்கு முன்னோக்கித் தள்ளும். இரண்டும் நடுவில் மடிந்து, தலைப்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடும். மடக்குக் கத்தியைப் போல மடிவதால் ஆங்கிலத்தில் இதை 'ஜேக்நைஃப்' என்கிறார்கள். மடிந்த பிறகு ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் பெரும்பாலும் பலன் இருக்காது.

பலர் தவறாக நினைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சுமை இருந்தால்தான் ஆபத்து, காலி டிரெய்லர் என்றால் பயமில்லை என்ற எண்ணம் இருக்கிறது. மழையில் உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. சுமை ஏற்றிய சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கும். காலி டிரெய்லரின் சக்கரமோ எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கவும் செய்யும். பக்கக் காற்றும் அதைத் தள்ளும். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் காலி வண்டியில், ஈரச் சாலையில், அதுவே பின்சக்கரங்களைப் பூட்டி வண்டியை மடக்கிவிடக்கூடும். துறைமுகத்தில் கொள்கலனை இறக்கிவிட்டு, "வீட்டுக்குத்தானே போறோம்" என்று காலியாகத் திரும்பும் பயணத்தில்தான் கூடுதல் நிதானம் வேண்டும்.

பனி விழும் நாடுகள் இந்த அனுபவத்தை நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவை. அங்கே உறைபனி என்றால் இங்கே அடைமழை; சக்கரம் பிடி இழப்பது ஒன்றுதான். பிரான்சில் விரைவுச்சாலையின் வேக வரம்பு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் சட்டப்படி 110. ஜெர்மனியில் பனிக்காலச் சாலையில் ஓடும் கனரக லோரிகள் ஓட்டும் அச்சிலும் முன் அச்சிலும் பனிக்கால டயர் போட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒரு விதியும் அங்கே உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றிய லோரி, பனியோ வழுக்கலோ வந்தால், அல்லது மூடுபனியிலும் மழையிலும் கண்பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால், மிகுந்த எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டும். தேவைப்பட்டால் அருகில் உள்ள தகுந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நிற்பது அங்கே ஓட்டுநரின் சோம்பேறித்தனம் ஆகாது, சட்டக் கடமை.

இங்கே நிலைமை என்ன? மெட்மலேசியா மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தொடர்மழை எச்சரிக்கை விடுகிறது. நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆரஞ்சு வந்தால் பள்ளி நிர்வாகம் யோசிக்கிறது, தீயணைப்புப் படை தயாராகிறது. லோரி நிறுவனத்தில் அந்த ஆரஞ்சுக்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. காரணம் ஊரறிந்தது. இந்தத் தொழிலில் பலருக்குச் சம்பளம் டிரிப் கணக்கில்தான். அடிப்படைச் சம்பளம் பெயருக்கு இருக்கும். குடும்பம் ஓடுவது டிரிப் காசில். இரண்டு மணி நேரம் மழைக்கு ஒதுங்கினால் துறைமுக நேரம் தவறும், அடுத்த டிரிப் கைவிட்டுப் போகும், முதலாளி கேள்வி கேட்பார். அதனால்தான் மழையில் அந்த லோரி நம்மை முந்துகிறது. ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரில் இருந்தாலும், அதை அழுத்துவது சம்பளக் கணக்குதான் என்பது என் கருத்து.

ஒதுங்கலாம் என்று ஓட்டுநரே முடிவெடுத்தாலும் எங்கே நிறுத்துவது? இரவில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கனரக வாகனங்களுக்கான இடம் நிரம்பி வழிகிறது. உள்ளே இடமில்லாமல் அவசரத் தடத்தில் வரிசையாக நிற்கும் லோரிகளை எல்லாரும் பார்த்திருப்போம். மழை இருட்டில் அப்படி நிற்கும் டிரெய்லரின் பின்னால் ஒரு கார் சொருகிக்கொண்டால், அது இன்னொரு விபத்துச் செய்தி. யோங் பெங் உத்தாராவில் இருந்து செனாய் உத்தாரா வரை நெடுஞ்சாலையை நான்கு தடங்களில் இருந்து ஆறு தடங்களாக அகலப்படுத்தும் திட்டம் 2024 வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. சிம்பாங் ரெங்கம் அந்தத் தடத்தின் நடுவில்தான் இருக்கிறது. தடத்தை அகலப்படுத்துவதோடு லோரி நிறுத்துமிடத்தையும் கூட்டவில்லை என்றால், கூடுதல் தடத்தில் கூடுதல் வேகம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி, நம் ஓட்டுநர்கள் பலர் கேள்விப்படாத ஒரு சட்டம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் 26ஏ என்று ஒரு புதிய பிரிவு. வேலை இடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாகத் தகுந்த காரணத்தோடு ஒரு தொழிலாளி நம்பினால், முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அவர் அந்த வேலையில் இருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. "அது தொழிற்சாலைக்குத்தானே, லோரிக்கு ஏது?" என்று கேட்கலாம். இந்தச் சட்டம் 'இடம்' என்று சொல்லும்போது வாகனத்தையும் சேர்த்தே சொல்கிறது. முதலாளியின் பொதுவான பாதுகாப்புக் கடமைகளை மீறினால் அபராதத்தின் உச்சவரம்பும் 50 ஆயிரம் ரிங்கிட்டில் இருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை டிரிப் காசு கொடுக்காது. வேலை போனால் பிறகு வழக்குப் போட்டு ஜெயிக்கலாம் என்று எந்த ஓட்டுநரும் மழையில் நின்று யோசிக்க மாட்டார். அதனால் ஓட்டுநர் ஒன்று செய்யலாம்: நிற்பதற்கு முன் நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புங்கள். எங்கே இருக்கிறீர்கள், பார்வை எவ்வளவு தூரம் தெரிகிறது, டயரோ பிரேக்கோ சரியில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் அது எப்போது, எல்லாம் எழுத்திலோ குரல் பதிவிலோ இருக்கட்டும். முதலாளிக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சான்று. விபத்து நடந்த பிறகு, "எங்களிடம் சொல்லவே இல்லை" என்று கைகழுவ முடியாது.

போக்குவரத்து அமைச்சும் மனிதவள அமைச்சும் சேர்ந்து செய்ய வேண்டியது அதைவிடப் பெரிது. மெட்மலேசியாவின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் கனரக வாகனத்தின் வேகம் இவ்வளவுதான், சிவப்பு வந்தால் நிறுத்தம்தான் என்று நடத்துநர் உரிமத்தின் நிபந்தனையிலேயே எழுதலாம். மழைக்கு நின்ற நேரத்துக்கு டிரிப் காசில் கை வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். பெருநாள் காலத்தில் கனரக வாகனங்களைச் சில நாள் சாலையில் இருந்து விலக்கி வைக்க ஜேபிஜேயால் முடிகிறதே, அப்போது சரக்கு உலகம் அழிந்துவிடவில்லை. அடைமழையில் மூன்று மணி நேரம் நிறுத்தினால் மட்டும் எப்படி அழியும்?

கார் ஓட்டுகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். மழையில் டிரெய்லருக்கு முன்னால் நுழைந்து பிரேக் போடாதீர்கள். அவருக்கு நிற்க வேண்டிய 140 மீட்டரில் பாதியை நீங்களே பறித்துவிடுகிறீர்கள். கல்யாணத்துக்குக் கூடாரம், நாற்காலி, அன்னதானத்துக்கு அண்டா என்று நான்கு சக்கர வண்டியின் பின்னால் சிறு டிரெய்லர் மாட்டி ஓட்டும் நம்மவர்களுக்கும் அதே பாடம்தான். கனமான சாமான் டிரெய்லரின் பின்கோடியில் இருந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். கனத்தை அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் வையுங்கள். ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காலை ஆக்சிலேட்டரில் இருந்து மெல்ல எடுங்கள்.

மழையில் வண்டி பழுதானால் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள். பிளஸ் ரோந்து வண்டி வந்து பாதுகாப்பான இடம் வரை இழுத்துச் செல்லும். எங்கிருந்தோ வந்து நிற்கும் தெரியாத இழுவை வண்டிக்கு, விலை பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.